ட்ரையர் மீட்டர் 'ஓபன்' காட்டினால் எங்கே கை வைப்பது

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை பேக்டரியில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு, தேயிலையை உலர்த்தும் ட்ரையரில் நிற்கும் தம்பி போன் செய்து "அண்ணே, மீட்டர் போச்சு" என்றால், ட்ரையர் சூட்டைக் காட்டிக் கட்டுப்படுத்தும் அந்த மீட்டர் அநேகமாகப் போயிருக்காது. மீட்டரில் ஓபன், எஸ்.இ.ஆர்.ஆர், நாலு எச் என்று எந்த எரர் வந்தாலும் முதலில் சென்சாரையும் அதன் ஒயரையும்தான் பார்ப்பேன். ஓம்ரான் மீட்டரில் இ111 அல்லது இ333 வந்தால் மட்டும் கதை வேறு. அது உள் கோளாறு. ஒருமுறை சப்ளையை நிறுத்திப் போடுங்கள்; திரும்ப வந்தால் சர்வீசுக்குத்தான்.

எங்கள் ட்ரையரில் சென்சார் கே டைப் தெர்மோகப்பிள், அதாவது சூட்டை மில்லிவோல்ட்டாகத் தரும் வகை; செட்டிங் 120 டிகிரி. அடுப்புக்குக் காற்றடிக்கும் ஃபேனை மீட்டர்தான் காண்டாக்டர் என்ற காயில் சுவிட்ச் வழியாக ஓட்டி நிறுத்துகிறது. எனவே எதைத் தொடும் முன்பும் அந்த ஃபேனை ஆஃப் செய்யுங்கள். நான் கற்றுக்கொண்ட விதம் கொஞ்சம் கசப்பு. சோதிப்பதற்காக மீட்டரின் சென்சார் முனைகளை ஒரு துண்டு ஒயரால் ஷார்ட் செய்தேன். மீட்டர் 22 என்று காட்டியது, மீட்டர் நல்லது என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் ட்ரையர் ஆறிவிட்டது என்று நம்பி அது ஃபேனை விடாமல் ஓட்டியிருக்கிறது. கருகல் வாசனை வந்த பிறகுதான் உறைத்தது. அன்றைய தூளை டீ மேக்கர் என் கண்ணெதிரேதான் கொட்டினார்.

சோதனை என்னவோ சரிதான். சென்சார் ஒயரைக் கழற்றி, மீட்டரின் பிளஸ்ஸையும் மைனஸையும் ஷார்ட் செய்தால் பேனலுக்குள் இருக்கும் வெப்பநிலையை மீட்டர் காட்ட வேண்டும். காட்டினால் மீட்டரை விட்டுவிட்டு வெளியே வாருங்கள்.

கழற்றிய ஒயரில் மல்டிமீட்டரை ஓம்ஸில் வையுங்கள். சில ஓம்ஸ் வந்தால் ஒயர் நலம். ஒன்றுமே வராவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது. மில்லிவோல்ட்டிலும் பாருங்கள்: ட்ரையர் 120, பேனல் 20 என்றால் 4.1 அளவில் வர வேண்டும். ஐப்பசி மழையில் எனக்குக் கிடைக்கும் அறுபட்ட இடம் பெரும்பாலும் ட்ரையர் பக்கத்து ஜங்ஷன் பாக்ஸ்தான். மூடி சரியாக மூடாமல் மூடுபனி உள்ளே போய், திருகு பச்சை பிடித்திருக்கும். உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, இறுக்கினால் வேலை முடிந்தது. இல்லையென்றால் எலி. காட்டெருமை வாசல் வரை வரும் ஊரில் ஒயரைக் கடிப்பது என்னவோ எலிதான்.

சூடு ஏற ஏற மீட்டர் இறங்கி மைனஸுக்குப் போகிறதா? ஒயர் மாறியிருக்கிறது. மஞ்சள், சிவப்பு ஒயரில் சிவப்புதான் மைனஸ். வீட்டு வயரிங் பழகிய கை இங்கே தவறும். பச்சை, வெள்ளை ஒயரில் வெள்ளை மைனஸ்.

எந்த எரரும் காட்டாமல் பொய் சொல்வதுதான் மோசம். அறுந்த இடத்தில் சாதாரண செம்பு ஒயரை இழுத்துவிட்டுப் போவார்கள். செம்பு ஒயர் தொடங்கும் சென்சார் தலை 50, பேனல் 20 என்றால் மீட்டர் 30 டிகிரி குறைத்துக் காட்டும்; ட்ரையர் உள்ளே 120, மீட்டரில் 90. கே டைப்புக்கு உரிய காம்பன்சேட்டிங் கேபிளைத் தவிர வேறு எதையும் போடாதீர்கள்.

சூட்டுக்கேற்ப ஓம்ஸ் மாறும் பி.டி.100 சென்சார் என்றால் மூன்று ஒயர். ஒரே நிறமுள்ள இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய பூஜ்யம், ஒன்றுக்கும் மற்ற நிறத்துக்கும் இடையே 20 டிகிரியில் சுமார் 108 ஓம்ஸ்.

எல்.பி.ஏ என்று வந்தால் சென்சார் மட்டுமில்லை. மீட்டர் காற்று கேட்கிறது, சூடு ஏறவில்லை என்று அர்த்தம். காண்டாக்டர் காயில், ஃபேன் மோட்டாரைக் காக்கும் ஓவர்லோடு ரிலே இரண்டையும் பாருங்கள். இரண்டும் சரி என்றால் அடுப்பைத் திறந்து பாருங்கள். போன மாதம் எனக்கு அகப்பட்டது, மழையில் ஊறிய விறகு.