தீர்ப்பை நிறுத்தினால் நிம்மதி வருமா? ஐயவாதத்தில் தடுக்கி விழும் இடங்கள்

எந்த வாதத்துக்கும் அதே பலத்தில் ஒரு எதிர்வாதம் கிடைக்கும். இரண்டையும் எதிரெதிரே வைத்தால் எந்தப் பக்கமும் சாய முடியாமல் தீர்ப்பு நின்றுபோகும், அப்போது மனம் அடங்கும் என்றார்கள் பழைய கிரேக்க ஐயவாதிகள். அலெக்சாண்டர் படையோடு இந்தியா வரை வந்த பிர்ரோதான் முன்னோடி. விரிவாக எழுதிவைத்தவர், பல நூற்றாண்டுகள் கழித்து வந்த மருத்துவர் செக்ஸ்டஸ் எம்பிரிக்கஸ்.

'எதையுமே அறிய முடியாது' என்று அடித்துப் பேசுவது ஐயவாதம் ஆகாது. அதுவும் ஒரு தீர்ப்புதானே! ஐயவாதி இன்னும் தேடிக்கொண்டிருப்பவர் என்கிறார் செக்ஸ்டஸ்.

அடுத்த தவறு, தீர்ப்போடு சேர்த்துச் செயலையும் நிறுத்திவிடுவது. வண்டி, பள்ளம், நாய் எதற்கும் பிர்ரோ விலக மாட்டாராம், நண்பர்கள்தான் காப்பாற்றினார்களாம். இந்தக் கதையைச் சொல்லும் அதே பழைய நூல், அவர் தொண்ணூறு வயதை எட்டினார் என்றும் சொல்கிறது! குன்னூர் மலைப்பாதையில் மூடுபனி இறங்கினால் ஐயவாதியும் விளக்கைப் போட்டு, ஹாரன் அடித்து, மெதுவாகத்தான் வளைவார். கண்ணுக்குப் படுவது, பசி தாகம், ஊர் வழக்கம், கற்ற தொழில் இவற்றின்படி வாழச் செக்ஸ்டஸ் தடை சொல்லவில்லை.

பெரிய குழப்பம் வேறு இடத்தில். தகவல் வராத நிலையைத் தீர்ப்பு நிறுத்தம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். கோத்தகிரிப் பக்கம் சிறு தேயிலை விவசாயி பச்சைத்தேயிலையை ஃபேக்டரிக்குக் கொடுத்துவிடுவார், அந்த மாத விலை பிறகுதான் தெரியும். "விலையைப் பற்றி முடிவெடுக்காதீர்கள், நிம்மதி வரும்" என்று அவரிடம் சொன்னால் திட்டு விழும், விழவும் வேண்டும். அவர் எந்த வாதத்தையும் எடைபோட்டு நிற்கவில்லை, வீட்டுச் செலவுக்குப் பதில் தெரியாமல் தவிக்கிறார். அவர் நிறுத்திவைக்கக்கூடியது, 'விலை விழுந்தால் என் பிழைப்பே தோல்வி' என்று மேலே ஏறி உட்காரும் தீர்ப்பைத்தான். குளிரும் தாகமும் ஐயவாதியையும் வருத்தும் என்று செக்ஸ்டஸே ஒப்புக்கொள்கிறார். 'இது இயல்பிலேயே தீமை' என்ற எண்ணமும் சேரும்போது வருத்தம் இரட்டிப்பாகிறது, அந்த இரண்டாவது பங்குதான் குறையும். ஜனவரி உறைபனியில் ஊட்டி பக்கத்துத் தலைகுந்தாவில் நின்றால் யாருக்கும் விரல் மரத்துத்தான் போகும்.

நிம்மதியைக் குறிவைத்து வாதங்களைச் சமன்செய்ய உட்காருவதும் பலிக்காது. ஓவியர் அப்பெல்லெஸ் குதிரை வாயின் நுரையை வரையப் பார்த்து, முடியாமல், தூரிகை துடைக்கும் பஞ்சை ஓவியத்தின் மேலேயே வீசினாராம். பட்ட இடத்தில் நுரை வந்துவிட்டது. ஐயவாதிகளும் உண்மையைக் கண்டு நிம்மதி அடையத்தான் கிளம்பினார்கள். முடியாமல் தீர்ப்பை நிறுத்தியபோது நிம்மதி தானாக வந்தது என்கிறார் செக்ஸ்டஸ்.

எல்லாருக்கும் வருமா? கடவுள், மறுபிறவி என்று இரவெல்லாம் மல்லுக்கட்டுபவருக்கு வரலாம். பதில் கிடைக்காத கேள்வியே அரிக்கும் சுபாவக்காரருக்கு இந்த மருந்து கேட்காது என்பது என் எண்ணம்.