குவைத்துக்குப் போகும் தங்கச்சிக்கு

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அடுத்த லயத்து வரிசை வீட்டுப் பிள்ளை ஒருத்தி வருகிற மாதம் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறாள். பெட்டியில் என்ன வைப்பது என்று கேட்டு வந்தாள். நான் அங்கே ஆறு வருஷம் இருந்துவிட்டு இலங்கை மலையகத்து மஸ்கெலியாவுக்குத் திரும்பியவள். பெட்டியை விட்டுவிட்டு, அங்கே தனிமரமாகிப் போகாமல் இருப்பது எப்படி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதலில் போன். நான் மூன்று மாதம் தினமும் போனில் அழுது அம்மாவையும் அழ வைத்தேன். பக்கத்து வீட்டில் யார் வேலை செய்கிறார்கள் என்றுகூட அப்போது எனக்குத் தெரியாது. வாரம் இரண்டு தடவை பேசு, போதும். இங்கே மாலை நாலரை என்றால் அங்கே பகல் இரண்டு. அம்மா கடைசிக் கொழுந்தைத் தராசில் போட்டுவிட்டு வந்திருப்பார், உனக்கும் பாத்திரம் கழுவி முடிந்திருக்கும்.

அப்புறம் குப்பை. சிரிக்காதே! ராத்திரி குப்பை கொட்டத்தான் அக்கம்பக்கத்துப் பெண்கள் வெளியே வருவார்கள். தினமும் அதே நேரத்துக்குப் போ. ஐந்து நிமிஷம்தான் கிடைக்கும். எனக்கு அப்படித்தான் குருநாகல் சிங்கள அக்கா ஒருவர் கிடைத்தார். ஊரில் இருந்தவரை கடையில் விலை கேட்பதற்கு மேல் நான் சிங்களம் பேசியதில்லை. அங்கேயோ இருவருமே 'ஸ்ரீலங்கி'. ஒரு நாள் ரொட்டியும் கட்டச் சம்பலும் தாளில் சுற்றிக் கொடுத்தேன். மறுநாள் அவர் ஒரு நேபாளப் பெண்ணையும் கூட்டி வந்தார்.

அரபு மொழியைச் சமையலறையில் தொடங்கு. மாய் என்றால் தண்ணீர், மில்ஹ் உப்பு, சுக்கர் சீனி. தேநீர் ஷாய், நம் சாயத்தண்ணியை நினைத்துக்கொண்டால் மறக்காது. நாலு சொல் வந்துவிட்டால் வீட்டுக் கிழவி உன்னோடு பேச்சுக்கு வருவாள்.

லீவைக் கேட்டு வாங்கு. வாரம் ஒரு நாள் ஓய்வு என்று குவைத்தின் 2015ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. நான் ஒரு வருஷம் கேட்கக் கூச்சப்பட்டேன், அவர்களாகத் தரவும் இல்லை. கிடைத்த நாளைத் தூங்கித் தீர்க்காதே.

அங்குள்ள நம் தூதரகத்தின் எண்ணைத் தாளிலும் எழுதி வை, போனைப் பிடுங்கிக்கொள்ளும் வீடுகளும் உண்டு. இங்குள்ள வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற எண்ணை லயத்துக் கதவில் ஒட்டிவிட்டுப் போ. ஏதாவது என்றால் அம்மா இங்கிருந்தே கூப்பிடுவார்.

சரி, பெட்டிக்கு வருகிறேன். வறுத்த மிளகாய்த்தூளும் ஸ்வெட்டரும் வை. பாலைவனத்துக்கு எதற்கு ஸ்வெட்டர் என்று கேட்டாள். ஜனவரி ராத்திரியில் குப்பை கொட்டப் போகும்போது தெரியும்.