நல்லூர்த் திருவிழாவால் அயல் கடைகளுக்கு என்ன மிஞ்சுகிறது? கணக்கெடுக்கும் முறை

யாழ்ப்பாணம் நல்லூர்க் கந்தசுவாமி கோவிலின் 25 நாள் திருவிழா முடிந்ததும் "இந்தமுறை நல்ல வியாபாரம்" என்பார் ஒருவர், "றோட்டை மூடி எங்கட பிழைப்பைக் கெடுத்துப்போட்டாங்கள்" என்பார் பக்கத்துக் கடைக்காரர். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். அதனால் கூட்டத்தை எண்ணி, ஆளுக்கு இத்தனை ரூபா என்று பெருக்கி வரும் தொகையை நம்பவேண்டாம். திருவிழா இல்லாவிட்டால் அந்தக் கடையில் எவ்வளவு விற்றிருக்கும், இருந்ததால் எவ்வளவு விற்றது என்ற வித்தியாசத்தைத்தான் பிடிக்கவேண்டும்.

முதலில் கடைப் பட்டியல். பருத்தித்துறை வீதி, கோவில் வீதி, அரசடி வீதி என்று நடந்துபோய், வீதித்தடைக்கு உள்ளேயும் தடையிலிருந்து 500 மீற்றர் வரையும் உள்ள கடைகளை எழுதுங்கள். சைவச் சாப்பாட்டுக்கடை, பலசரக்கு, புடவை, மருந்து, சலூன், ஹாட்வெயார், சைக்கிள் திருத்துமிடம் என்று வகை பிரித்து, வகைக்கு எட்டுக் கடையாவது எடுங்கள். நட்டப்படுகிறவர்களை விட்டுவிடுவதே பெரிய பிழை. 25 நாளும் பல வீடுகளில் மச்சம் சமைப்பதில்லை; இறைச்சிக்கடை, மீன்கடையின் இழப்பு தடைக்கு வெகு வெளியே நடக்கும். அவர்களையும் தேடிப்போய்ச் சேர்க்கவேண்டும்.

"விற்பனை எவ்வளவு?" என்று நேரே கேட்டால் பதில் வராது. வந்தாலும் வரிப் பயத்தில் குறைத்தே வரும். பில் இலக்கத்தை மட்டும் கேளுங்கள். காலையில் முதல் பில் 4112, இரவு கடைசிப் பில் 4297 என்றால் 186 பில். அவற்றில் ஒவ்வொரு ஒன்பதாவதாக எடுத்தால் இருபது பில் வரும். அவற்றின் சராசரியை 186 ஆல் பெருக்கினால் அன்றைய விற்பனை கிட்டத்தட்டக் கையில். பில் போடாத கடையில் பாண், பால் பைக்கற், சோடாப் போத்தல் எத்தனை வந்தது, எத்தனை மிஞ்சியது என்று எழுதுங்கள்.

ஒப்பிடும் நாள் வெள்ளிக்கு வெள்ளி, ஞாயிறுக்கு ஞாயிறாக இருக்கட்டும். கொடியேற்றத்துக்கு முந்திய நான்கு வாரமும் முடிந்தபின் மூன்று வாரமும் தேவை. முந்திய கடைசி வாரத்தைத் தனியே வையுங்கள். பூசைச் சாமானும் புடவையும் அப்போதே வாங்கிவிடுவார்கள். பிந்திய வாரங்களில் விற்பனை விழுந்தால், அது திருவிழாவுக்காக முன்கூட்டியே செலவழிந்த காசு. அதையும் கழிக்கவேண்டும். பத்தாம் நாள் மஞ்சம், 23ஆம் நாள் சப்பறம், 24ஆம் நாள் தேர், 25ஆம் நாள் தீர்த்தம் ஆகியவற்றைச் சாதாரணத் திருவிழா நாளுடன் கலக்கக்கூடாது. மற்ற நாள்களில் சனம் பின்னேரம் திரளும், தேரோ காலையில் ஓடும். பின்னேரம் மட்டும் ஆள் எண்ணினால் அந்த நாளே தவறிவிடும்.

சென்ற வருடத்துடன் ஒப்பிடும்போது மாதக் கணக்கு ஏமாற்றும். கொடியேற்றம் 2023இல் ஆகஸ்ட் 21, 2024இல் ஆகஸ்ட் 9. ஆகஸ்டுக்குள் விழுந்த திருவிழா நாள்கள் 11 உம் 23 உம். ஆகவே திருவிழா நாள் இலக்கத்தோடு ஒப்பிடுங்கள். பெறுமதிசேர் வரியும் 2024 ஜனவரியில் 15 இலிருந்து 18 வீதமானது. வரி நீக்கிய தொகையையே எடுங்கள்.

இனி ஒப்பீட்டு இடம், அதாவது திருவிழாவின் தாக்கம் இல்லாத ஓர் ஊர். வெளிநாட்டிலிருந்து வந்த உறவுகளாலும் பாடசாலை விடுமுறையாலும் மாவட்டம் முழுவதும் விற்பனை கூடும். அதைத் திருவிழாவின் கணக்கில் போடக்கூடாது. நல்லூருக்குப் பக்கத்துத் திருநெல்வேலி சரிவராது, திருப்பிவிட்ட வாகனமெல்லாம் அங்கேதான் போகும். நல்லூர் முடியச் செல்வச்சந்நிதி முருகன் கோவில் திருவிழா தொடங்குவதால், அது இருக்கும் வடமராட்சியும் பிந்திய வாரங்களைக் குழப்பும். சாவகச்சேரி பொருத்தம். அங்கேயும் அதே வகைக் கடைகளில், அதே நாள்களில், அதே பில் இலக்கத்தை எடுங்கள்.

ஒரு பேச்சுக்கு, நல்லூரில் ஒரு கடையின் சாதாரண வெள்ளி விற்பனை 18,000 ரூபா, திருவிழா வெள்ளியில் 31,000. சாவகச்சேரியில் அந்த வகைக் கடைகள் 10 வீதம் கூடியிருந்தால், நல்லூரில் திருவிழா இல்லாமலே 19,800 வந்திருக்கும். திருவிழாவின் பங்கு 11,200. அதில் சரக்கின் விலை 70 வீதம் என்றால் மிச்சம் 3,360. கூடுதலாக வைத்த பொடியனின் சம்பளம் 2,000 போனால் 1,360. "13,000 ரூபா கூட வித்தது" என்ற பேச்சு இப்படித்தான் சுருங்கும். இந்தக் கடைசித் தொகையைக் கணிக்காமல் அறிக்கை எழுதவேண்டாம்.

தற்காலிகக் கடைகளைத் தனிக் கணக்கில் போடுங்கள். கச்சான் கடைக்காரர் எந்த ஊர், சரக்கு எங்கே வாங்கினார், எங்கே சாப்பிட்டுத் தங்குகிறார் என்று கேட்டால், அவருடைய வருமானத்தில் இங்கே நிற்பது எவ்வளவு என்று தெரியும். மாநகரசபைக்குப் போகும் இடவாடகை அயல் கடைக்காரரின் வருமானமல்ல.

சனத்திடமும் கேட்கவேண்டும். தடையடியில் நின்று திரும்பிப்போகும் ஒவ்வொரு பத்தாவது ஆளையும் மறியுங்கள். எங்கிருந்து வந்தீர்கள், கடையில் எவ்வளவு, தற்காலிகக் கடையில் எவ்வளவு, இந்தச் சாமானை வராவிட்டாலும் வேறெங்காவது வாங்கியிருப்பீர்களா? "ஓம்" என்று வரும் செலவு ஊருக்குப் புதுக் காசல்ல, இடம் மாறிய காசு. மொத்தச் செலவைக் கேட்டால் மறந்துபோய்க் குறைத்துச் சொல்வார்கள். ஐஸ்கிறீம், சாப்பாடு, விளையாட்டுச் சாமான், பாக்கிங் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். 400 பேரிடம் கேட்டால் வீதக் கணக்குகளில் பிழை கூடியது 5 புள்ளி அளவில் நிற்கும். 200 பேர் என்றால் 7.

முடிவை வகை வகையாக, நட்டத்தையும் சேர்த்து வெளியிடுங்கள். ஐந்து கடைக்குக் குறைவான வகையைத் தனித்துப் போடவேண்டாம், எவருடைய கடை என்று ஊருக்கே தெரிந்துவிடும். அவரவர் தாளை மட்டும் அவரவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். அடுத்த வருடமும் பில் புத்தகத்தைத் திறந்து காட்டுவார்.