விண்டோஸ் நிறுவும்போது எஸ்எஸ்டி காணவில்லையா? பயாஸில் விஎம்டியைப் பாருங்கள்

பென்டிரைவ் போட்டு விண்டோஸ் நிறுவப் போனால், டிஸ்க் தேர்வு செய்யும் பக்கம் காலியாக நிற்கிறது. எஸ்எஸ்டி போய்விட்டதென்று அவசரப்பட்டுப் புதிது வாங்காதீர்கள். 11ஆம் தலைமுறை இன்டெல் பிராசஸர் முதல் பல லேப்டாப்களில், பயாஸ் (லேப்டாப் ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) எஸ்எஸ்டியை விஎம்டி என்ற கன்ட்ரோலருக்குப் பின்னால் வைத்துவிடுகிறது. இன்ஸ்டாலர் கண்ணுக்குப் படுவது அந்தக் கன்ட்ரோலர் மட்டும்தான். அதற்கான டிரைவர் இல்லையென்றால் உள்ளே இருப்பதை எட்ட முடியாது.

படி 1: லேப்டாப்பை ஆன் செய்ததும் எஃப்2 அழுத்தி (சில கம்பெனிகளில் எஃப்10) பயாஸுக்குள் போங்கள். எஸ்எஸ்டியின் பெயர் அங்கே இருக்கிறதா? இல்லையென்றால் சிக்கல் வேறு: எம்.2 ஸ்லாட்டில் சரியாக உட்காராமல் இருக்கலாம், அல்லது என்விஎம்இ வகை எஸ்எஸ்டியை மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் சாட்டா என்ற வேறு இணைப்பு வகையைச் செருகியிருக்கலாம். பெயர் இருந்தால் அடுத்த படி.

படி 2: டிஸ்க்கில் காப்பாற்ற எதுவும் இல்லையென்றால் விஎம்டியை அணைப்பதே சுலபம். ஏசர் லேப்டாப் பலவற்றில் இந்த அமைப்பே கண்ணில் படாது. மெயின் பக்கத்தில் கன்ட்ரோல்+எஸ் அழுத்தினால்தான் வெளிவரும். அணைத்து, எஃப்10 அழுத்திச் சேமியுங்கள்.

ஏற்கெனவே ஓடும் விண்டோஸ் இருந்தால் இதைச் செய்யாதீர்கள். பூட் ஆகாமல் நீலத்திரை வரும். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியும் கேட்கும். பதறாமல் விஎம்டியைத் திரும்ப ஆன் செய்தால் பெரும்பாலும் பழையபடி பூட் ஆகும். இரண்டு எஸ்எஸ்டியை ரெய்டில் (ஒரே டிஸ்க்போல இயங்கவைக்கும் முறை) சேர்த்திருந்தாலும் விஎம்டியைத் தொடவே வேண்டாம்.

படி 3: விஎம்டியை அணைக்க முடியாதவர்களுக்கு டிரைவர்தான் வழி. லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலுக்கான இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை (விஎம்டிக்கான டிரைவர் இதில்தான் இருக்கிறது) இறக்குங்கள். பலரும் தவறுவது இங்கேதான்: இறக்கிய இஎக்ஸ்இ கோப்பை அப்படியே பென்டிரைவில் போட்டால் இன்ஸ்டாலர் சீண்டாது. அது தேடுவது டிரைவர் விவரம் அடங்கிய ஐஎன்எஃப் கோப்பை. ஆகவே வேறொரு கணினியில் பிரித்தெடுத்து, அந்த ஃபோல்டர் முழுவதையும் நகலெடுங்கள். பிறகு இன்ஸ்டாலரில் 'லோட் டிரைவர்' அழுத்தி ஃபோல்டரைக் காட்டினால் எஸ்எஸ்டி பட்டியலில் வந்துவிடும்.

லினக்ஸ் போடுபவர்களுக்கு: விஎம்டி டிரைவர் கெர்னலிலேயே (லினக்ஸின் மையப்பகுதி) இருப்பதால், புதிய பதிப்புகளில் பெரும்பாலும் தானே தெரியும். பழைய தலைமுறை லேப்டாப்பில் பயாஸ் 'ரெய்டு' முறையில் இருந்து எஸ்எஸ்டி மறைந்தால், கெர்னல் பதிவில் 'ரீமேப்டு என்விஎம்இ' என்ற வரியைத் தேடுங்கள். அது இருந்தால் பயாஸில் அந்த 'ரெய்டு' முறையை ஏஹெச்சிஐ என்ற சாதாரண முறைக்கு மாற்றுவதுதான் வழி.