வன்னி வானத்துக்கு ஒரு முகில் கொப்பி: புதிதாகத் தொடங்குவோருக்கு

எங்கள் பக்கம் இரவு வானத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரியவர்கள் ஒன்றைத்தான் சொல்வார்கள்: முந்தி வெள்ளிகள் கொட்டிக்கிடந்தன, இப்போது எந்நேரமும் மப்பு. நானும் அதைப் பல வருடங்கள் நம்பினேன். ஆனால் அவர்கள் சொல்லும் அந்த 1990களில் வன்னியில் மின்சாரமே இல்லை. ஜாம் போத்தல் விளக்கை ஊதி அணைத்துவிட்டால் ஊர் முழுவதும் இருட்டு. இன்று ஏ9 வீதி நெடுக விளக்குகள். வெள்ளிகள் குறைந்தது முகிலாலா, வெளிச்சத்தாலா? நினைவை மட்டும் வைத்து இதைப் பிரித்தறிய முடியாது. இரவுதோறும் முகிலை எழுதிவைக்கும் ஒரு கொப்பி இருந்தால் முடியும்.

முதற் படி: இடமும் நேரமும்

உங்கள் வளவிலேயே ஓர் இடத்தைத் தெரிந்து, அதை மாற்றாதீர்கள். குளக்கட்டு அழகான இடம்தான், ஆனால் யானையும் பாம்பும் நடமாடும் நேரம் அது. கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள காணிகளின் பக்கம் பகலிலும் போகக்கூடாது.

நேரம் இரவு 8 மணி. வருடத்தின் எந்த மாதத்திலும் அந்த நேரத்தில் இங்கே அந்தி வெளிச்சம் முழுதாக மறைந்திருக்கும். இருபது நிமிடம் முன்னதாக வெளியே வந்து கண்ணை இருட்டுக்குப் பழக்குங்கள். கைத்தொலைபேசியை உள்ளே வைத்துவிட்டு வாருங்கள். எழுதுவதற்குச் சிவப்புத் தாள் சுற்றிய டோர்ச் போதும்.

இரண்டாம் படி: எட்டில் எத்தனை

வானிலை அவதானிகள் முகிலை எட்டுப் பங்காக அளப்பார்கள். வானத்தை வடக்கு-தெற்காகவும் கிழக்கு-மேற்காகவும் மனதில் கோடிட்டு நான்காக்குங்கள். ஒவ்வொரு காலிலும் இரண்டு பங்கு. முகில் மூடிய பங்குகளைக் கூட்டி எழுதுங்கள். ஒரு சிறு முகில் துண்டு இருந்தாலும் 0 போடக்கூடாது, 1 போடவேண்டும். ஒரு சிறு இடைவெளி தெரிந்தாலும் 8 இல்லை, 7.

அடிவானத்தை ஒட்டிய பகுதியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அங்கே முகில்களைப் பக்கவாட்டில் பார்ப்பதால் உள்ளதைவிட அடர்த்தியாகத் தெரியும். கையை நீட்டி முட்டியைப் பொத்திப் பிடித்தால் ஏறத்தாழ 10 பாகை. மூன்று முட்டி உயரத்துக்கு மேல் உள்ளதை மட்டும் பாருங்கள். (துருவ நட்சத்திரம் நம் ஊரில் ஒரு முட்டி உயரத்தில்தான் நிற்கிறது. பனைகளுக்குப் பின்னால் அதைத் தேடவேண்டியிருக்கும்.)

புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பட்டண வெளிச்சத்தில் முகில் வெள்ளையாகத் தெரியும். நல்ல இருட்டில் அது கறுப்பு. வெள்ளிகள் இல்லாத ஓட்டையாகத்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு பெப்ரவரி இரவு, வானம் முழுத் தெளிவு என்று நினைத்து 0 எழுதிவிட்டு ஆறாமீனை (கார்த்திகை வெள்ளிக்கூட்டத்தை) பார்த்தேன். ஆறு புள்ளிகள் தெரியவேண்டிய இடத்தில் மங்கலாக ஒரு புகைத் திட்டு. சில நிமிடங்களில் அதுவும் போய்விட்டது. பக்கத்தில் ரோகிணி மட்டும் ஒளி குன்றி நின்றது. கண்ணுக்கே தெரியாத கீற்றுமுகில் ஒன்று மேற்கிலிருந்து ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. எண்ணை அடித்துத் திருத்தினேன்.

அன்றிலிருந்து இரண்டாவது எண் ஒன்றும் எழுதுகிறேன். ஆறாமீன் இருக்கும் மாதங்களில் அதில் எத்தனை எண்ண முடிகிறது என்பது அந்த எண். மே, ஜூனில் தெற்கே தென்சிலுவையின் நான்கு வெள்ளிகளோடு ஐந்தாவது மங்கல் வெள்ளியும் தெரிகிறதா என்று பார்ப்பேன். நிலவு உள்ள இரவுகளைத் தனியாகக் குறியுங்கள். நிலவைச் சுற்றிப் பெரிய வட்டம் தெரிந்தால் உயரத்தில் பனிப்பளிங்கு முகில் இருக்கிறது என்று எழுதிவிடலாம்.

இந்த இரண்டு எண்களும்தான் பெரியவர்களின் கேள்விக்கு விடை தேடும் வழி. நிலவில்லாத இரவில் முகில் 0 ஆக இருந்தும் வெள்ளிகளின் எண்ணிக்கை வருடா வருடம் குறைந்தால், முகிலில் பிழையில்லை. வெளிச்சத்தையும் புகையையும் பாருங்கள்.

மூன்றாம் படி: பின்னோக்கிப் பார்த்தல்

இன்று தொடங்கும் கொப்பியில் பழைய வருடங்கள் இல்லை. அதற்குச் செய்மதிப் படங்கள் உண்டு. நாசாவின் வேர்ல்ட்வியூ இணையத்தளத்தில் 2000ஆம் ஆண்டிலிருந்து ஒவ்வொரு நாளின் படத்தையும் இலவசமாகப் பார்க்கலாம். 'டெரா' செய்மதியின் படத்தைத் தெரிந்து வன்னியைப் பெருப்பித்து, மூன்று குளங்களைத் தேடுங்கள்: இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம். மூன்றும் தெரிந்தால் தெளிவு, ஒன்றும் தெரியாவிட்டால் மப்பு. முதலில் பெப்ரவரி மாதத்தை மட்டும் எடுத்து, வருடம் வருடமாக எண்ணுங்கள். சில நாட்களில் படத்தில் கறுப்புப் பட்டை விழும். செய்மதி அன்று அந்த இடத்தைப் பார்க்கவில்லை என்பதே அதன் பொருள். அந்த நாளை வெறுமையாக விடுங்கள்.

இவை முற்பகல் படங்கள் என்பதை மறக்கக்கூடாது. காலை வெறுமையாக இருந்த வானத்தில் பின்னேரம் திரள்முகில் எழும்பி, இரவில் கலைந்துவிடும். அதோடு, அண்மைய வருடங்களில் டெரா கடக்கும் நேரம் சிறிது சிறிதாக முன்னுக்கு நகர்ந்திருக்கிறது. காலை முகில் குறைவது போல ஒரு போக்குத் தெரிந்தால், வானம் மாறியதா, பார்த்த நேரம் மாறியதா என்று கேளுங்கள்.

இரவுக்கு 'ஈரா5' என்ற ஐரோப்பியத் தரவுத்தொகுப்பு உதவும். 1940 முதல் மணிக்கு மணி முகில் அளவு, 0 முதல் 1 வரையான எண்ணாக அதில் இருக்கிறது. நமது இரவு 8 மணி, உலக நேரத்தில் 14.30. ஆகவே 14 அல்லது 15 மணித் தரவை எடுத்து, எட்டால் பெருக்கினால் உங்கள் கொப்பியின் எண் வரும். ஆனால் ஒரு கட்டம் ஏறத்தாழ 31 கிலோமீற்றர் அகலம். அவதானிப்புகளையும் கணினி மாதிரியையும் இணைத்துப் பெற்ற மதிப்பீடு அது, உங்கள் முற்றத்தின் வானமல்ல.

நான்காம் படி: ஒப்பிடுதல்

சராசரி எடுக்காதீர்கள். பத்து இரவில் ஐந்து 0, ஐந்து 8 என்றால் சராசரி 4. பத்து இரவும் 4 என்றாலும் சராசரி 4தான். முதலாவதில் ஐந்து முழு இரவுகள் கிடைத்தன, இரண்டாவதில் ஒன்றுகூட இல்லை. முகில் 2 அல்லது அதற்குக் கீழ் உள்ளவற்றைப் 'பார்க்கக்கூடிய இரவுகள்' என்று எடுத்து, மாதத்துக்கு எத்தனை என்று எண்ணுங்கள். மாசியை மாசியோடும் ஆடியை ஆடியோடும் மட்டுமே ஒப்பிடுங்கள்.

ஓரிரு வருடங்களை வைத்து எதையும் சொல்லக்கூடாது. எல் நினோ வருடங்களில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழை இங்கே கூடுவது வழக்கம். அத்தகைய ஒரு வருடம் முழுக் கணக்கையும் சாய்த்துவிடும். காலநிலை அறிவியலில் 30 வருடங்களை ஓர் அலகாக எடுப்பது இதனால்தான். மத்திய அகலாங்குகளின் முகில் பட்டைகள் துருவங்களை நோக்கி நகர்வதும், உயர்முகில்களின் உச்சி மேலும் உயர்வதும் செய்மதித் தரவுகளில் தெரிந்திருக்கின்றன. அதை அப்படியே கிளிநொச்சிக்குப் பொருத்திவிட முடியாது. இங்கே கணக்கை எழுதுபவை வடகிழக்கிலிருந்து வரும் வாடைக் காற்றும் தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்றும்.

எழுத எழுத ஒரு தப்பெண்ணமும் உடையும். மழையில்லாத மாதமெல்லாம் தெளிவான மாதம் என்று நினைத்திருந்தேன். ஜூன் முதல் ஓகஸ்ட் வரை வயல் வெடித்துக்கிடக்கும், பால்வீதியின் மையம் தெற்கே உயர நிற்கும், ஆனால் தென்மேற்குப் பருவக்காற்றோடு வரும் உயர்முகில் பல இரவுகளில் அதைப் போர்த்திவிடும். என் கொப்பியில் நல்ல எண்கள் பெப்ரவரியிலும் மார்ச்சிலும்தான். இரவு முழுவதும் விழித்திருக்கும் திட்டங்களை அந்த மாதங்களில் வைத்துக்கொள்ளுங்கள்.

முல்லைத்தீவுக் கரையில் ஒருவரும் மன்னார்ப் பக்கம் ஒருவரும் அதே 8 மணிக்கு எழுதினால், கீழ்க்கடலிலிருந்து வரும் மாரி முகில் வன்னியை எப்படிக் கடக்கிறது என்று பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கலாம். எனது கொப்பி வவுனிக்குளத்து வளவொன்றில் இருக்கிறது.