108 ரிங்கிட் அதிகம் என்று நான் எழுதிய வாக்கியம்

போன மாதம் மூன்று மாணவர்களின் ஆய்வுக் கட்டுரை வரைவுகள் கைக்கு வந்தன. மூன்றுக்கும் ஒரே தலைப்பு: மலேசிய இந்தியர், மலேசியச் சீனர், இவர்களின் பொருளாதார நிலை. கடல் கடந்து பிழைக்க வந்தவர்களின் பேரப் பிள்ளைகளை அடுத்தடுத்து நிறுத்தி, யார் எங்கே இருக்கிறார்கள் என்று பார்க்கிற வேலை. மூன்று வரைவிலும் ஒரு வாக்கியம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தது. அதைப் படித்ததும் எனக்குக் காது சூடாகிவிட்டது. 2020 கடைசியில் நானே ஓர் அறிக்கையில் எழுதிய வாக்கியம் அது.

எழுத்துப் பிழை, அட்டவணைக்கு ஆண்டு போட மறப்பது, சதவீதத்தைக் கூட்டினால் 103 வருவது, இதையெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாக இருந்தும் கட்டுரை தப்பான ஊருக்குப் போய்ச் சேருகிற இடங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காதது

'இந்தியர்' என்பது கணக்கெடுப்புப் படிவத்தில் இருக்கிற ஒரு கட்டம். அந்தக் கட்டத்துக்குள் 1910 வரை சஞ்சிக்கூலியாக, அதாவது ஒப்பந்தக் கூலியாக, வந்தவரின் வாரிசும் இருக்கிறார், கங்காணி என்ற ஆள்சேர்ப்பு மேஸ்திரி கூட்டி வந்தவரின் வாரிசும் இருக்கிறார். இரயில்வேயிலும் அரசு அலுவலகத்திலும் குமாஸ்தாவாக அமர்ந்த யாழ்ப்பாணத் தமிழரின் பேத்தி இருக்கிறார். தோட்டத்துக் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்த மலையாளியின் மகன், வட்டித் தொழில் செய்த செட்டியாரின் பேரன், போலீஸ் வேலைக்கு வந்த சீக்கியரின் குடும்பம் எல்லாம் ஒரே மூட்டையில்தான். இரப்பர் மரத்தில் பால் வெட்டியவர் பிள்ளையும் கிராணியின் பிள்ளையும் ஒரே தோட்டத்தில் வளர்ந்திருக்கலாம். ஆனால் ஒருவர் வளர்ந்தது லயம் என்ற வரிசைக் கூலி வீட்டில், மற்றவர் வளர்ந்தது தனி வீட்டில், ஆங்கிலப் பள்ளிக்குப் போய்.

சீனர் மூட்டையும் அப்படித்தான். ஈயச் சுரங்கத்தில் முதுகு ஒடிந்தவரும் சுரங்கத்துக்கே முதலாளியானவரும் ஒரே பெயரில்தான் வருகிறார்கள்.

இதனால்தான் சராசரியை நம்பாதீர்கள் என்று சொல்கிறேன். புள்ளிவிவரத் துறையின் 2019 கணக்கெடுப்பில் இந்தியக் குடும்பங்களின் சராசரி மாத வருமானம் 8,216 ரிங்கிட். இடைநிலை, அதாவது எல்லாக் குடும்பங்களையும் வரிசையாக நிறுத்தினால் நட்டநடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானம், 5,981. நடுவில் 2,235 ரிங்கிட் ஓட்டை. வழக்கறிஞர், மருத்துவர் வீடுகள் சில சேர்ந்து மொத்தச் சராசரியையும் மேலே தூக்கிவிடுகின்றன.

'தேசிய அளவைத் தாண்டிவிட்டோம்'

சரி, இப்போது அந்த வாக்கியத்துக்கு வருவோம். நான் சராசரியை விட்டுவிட்டு இடைநிலையைத்தான் எடுத்தேன். அந்த மட்டில் புத்திசாலி. 2019இல் நாட்டின் இடைநிலை வருமானம் 5,873. இந்தியர் 5,981. சீனர் 7,391. 'சீனரோடு ஒப்பிட்டால் 1,410 ரிங்கிட் பின்தங்கியிருந்தாலும், இந்தியக் குடும்பங்கள் தேசிய இடைநிலையை 108 ரிங்கிட் தாண்டியுள்ளன' என்று எழுதினேன். ஒரு எண்ணும் பொய்யில்லை. இன்றைக்கும் யாராலும் திருத்த முடியாது.

அந்த அறிக்கை ஒரு சமூக அமைப்புக்காக எழுதியது. அவர்கள் ஓர் அடுக்குமாடி வட்டாரத்தில் சனிக்கிழமைகளில் இலவச டியூஷன் நடத்திக்கொண்டிருந்தார்கள். பணம் கொடுத்தவர்களோடு நிதியைப் புதுப்பிக்கும் கூட்டம். என் அறிக்கையின் நகல் மேசைமேல் கிடக்கிறது, அந்த வாக்கியத்தின்மேல் மஞ்சள் மை. எதிரே இருந்தவர் கோபமாகக்கூடப் பேசவில்லை. 'நல்ல செய்திதானே? உங்கள் ஆய்வே சொல்கிறது. இனி உட்புறக் கிராமங்களுக்குக் கொடுக்கலாம் என்று நினைக்கிறோம்' என்றார். அடுத்த தவணைக்குப் பணம் வரவில்லை. வகுப்பு நின்றுபோனது. 42 பிள்ளைகள்.

என்ன தப்பு? முதலில் இடம். நாட்டு இடைநிலை என்பது கிளந்தானையும் சபாவையும் கோலாலம்பூரையும் ஒன்றாகக் கலக்கிய குழம்பு. அதே 2019இல் கிளந்தானின் இடைநிலை 3,563. சிலாங்கூரில் 8,210. கோலாலம்பூரில் 10,549. இந்தியர்கள் அதிகம் வாழும் மாநிலம் சிலாங்கூர். கிளந்தானில் அவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆக, சிலாங்கூர் வாடகையும் சிலாங்கூர் டோலும் கட்டுகிற ஒருவரைப் பார்த்து, 'கிளந்தானையும் சேர்த்துக் கலக்கிய அளவைவிட உனக்கு 108 வெள்ளி அதிகம், சந்தோஷப்படு' என்று சொல்லியிருக்கிறேன். பேராக்கில் இடைநிலை 4,273. அங்கே அதே 5,981 கொஞ்சம் மூச்சுவிட வைக்கும். ஒரே எண்ணுக்குப் பேராக்கின் ஈப்போவில் ஒரு பொருள், சிலாங்கூரின் ஷா ஆலமில் வேறு பொருள்.

இரண்டாவது தப்பு இதைவிட மோசம். அதை நான் புரிந்துகொண்டது ஓர் அடுக்குமாடியின் நான்காவது மாடியில், கிள்ளான் பள்ளத்தாக்கில், படிவமும் பேனாவுமாக நின்றபோது. லிஃப்ட் வேலை செய்யவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எதிரெதிர் வீடுகள். இந்தப் பக்கம் தமிழ்க் குடும்பம், ஏழு பேர். அண்ணன் காவலாளி, பன்னிரண்டு மணி நேர இரவு வேலை. அவர் மனைவி, அக்கா, தொழிற்சாலையில். மூத்த மகன் மோட்டாரில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான். மருமகள் கடையில் நிற்கிறாள். பள்ளிக்குப் போகிற இரண்டு பிள்ளைகள், ஒரு பாட்டி. நான்கு சம்பளத்தையும் கூட்டினால் 6,100 ரிங்கிட். எதிர் வீட்டில் வயதான சீனத் தம்பதி, கூடவே கணக்கர் வேலை பார்க்கும் மகள். அப்பாவுக்குச் சின்னதாக ஒரு பழக்கடை வருமானம். மொத்தம் 5,400.

என் படிவப்படி தமிழ்க் குடும்பம்தான் பணக்காரக் குடும்பம். தலைக்கு வகுத்துப் பாருங்கள். இந்தப் பக்கம் 871, அந்தப் பக்கம் 1,800. வேலை செய்பவருக்கு வகுத்தாலும் நான்கு பேர் 6,100, இரண்டு பேர் 5,400. அக்கா வேறொன்றும் சொன்னார்: 'இதுல ஓ.டி.யும் இருக்கும்மா. ஓ.டி. இல்லாத மாசம் வந்து கேட்டிருந்தா வேற கணக்கு சொல்லியிருப்பேன்.'

அப்புறம், மகனும் மருமகளும் தனிக்குடித்தனம் போவதாகப் பேச்சு. போனால் என்ன ஆகும்? அவர்கள் இருவரின் வருமானம் 2,600, பெற்றோர் வீட்டில் மிச்சம் 3,500. பி40 என்ற கீழ் நாற்பது விழுக்காட்டின் எல்லை அப்போது 4,850. நேற்றுவரை எல்லைக்கு மேலே இருந்த ஒரு குடும்பம், ஒரு லாரி சாமான் ஏற்றிய அன்றைக்கே எல்லைக்குக் கீழே இரண்டு குடும்பமாகிவிடும். யாருடைய சம்பளமும் ஒரு காசு குறையவில்லை. இதைத்தான் நாம் 'சமூகத்தின் பொருளாதார நிலை' என்று தடித்த எழுத்தில் போடுகிறோம்.

இப்போது என்னிடம் வரைவு கொண்டுவருகிறவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: ஒரே மாவட்டத்தில் இருப்பவர்களை ஒப்பிட்டாயா? வீட்டில் எத்தனை வாய், எத்தனை சம்பளம்? தலைக்கு எவ்வளவு? இந்த மூன்றும் இல்லாமல் குடும்ப வருமானத்தை மட்டும் வைத்து எழுதிய பத்தியை நான் படிப்பதில்லை, திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். ஒரு தம்பிக்கு என்மேல் வருத்தம். பரவாயில்லை.

சம்பளத்தைப் பார்த்துவிட்டுச் சொத்தை மறப்பது

வருமானம் குழாயில் வருகிற தண்ணீர். சொத்து தொட்டியில் கிடக்கிற தண்ணீர். இரண்டு சமூகங்களின் தொட்டிகள் எப்படி நிரம்பின, அல்லது நிரம்பவில்லை என்று பார்க்காமல் சம்பளத்தை மட்டும் வைத்துப் பேசினால், கதையின் இரண்டாம் பாதியை மட்டும் படித்த மாதிரி.

கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்கப் பிரிட்டிஷ் ஆட்சி அறிவித்த அவசரகாலத்தில், 1950இல் தொடங்கிய பிரிக்ஸ் என்ற மறுகுடியேற்றத் திட்டத்தில், ஏறத்தாழ 5 லட்சம் பேரைப் புதுக்கிராமங்களில் குடியேற்றினார்கள். பெரும்பாலோர் சீனர்கள். அது யாரும் கேட்டு வாங்கிய வரமில்லை. முள்வேலி, ஊரடங்கு, அரிசிக்குக்கூட அளவு. ஆனால் பல புதுக்கிராமங்கள் பட்டணத்தை ஒட்டி இருந்தன. பின்னாளில் பலருக்கு மனைக்கு உரிமைப் பத்திரமும் கிடைத்தது. பட்டணம் வளர்ந்தபோது அந்த மனையின் விலையும் வளர்ந்தது. அடமானம் வைத்துக் கடை போடலாம், பிள்ளையைப் படிக்க வைக்கலாம்.

தோட்டத்துத் தமிழர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். வீடு முதலாளியுடையது. வேலை இருக்கும்வரை வீடு. இரப்பர் போய்ச் செம்பனை வந்ததும் ஆள் குறைந்தது. 80களிலும் 90களிலும் வீடமைப்புக்கென்று தோட்டங்கள் கைமாறியபோது வேலை, வீடு, கோயில், தமிழ்ப்பள்ளி எல்லாம் ஒரே கடிதத்தில் போயின. எங்கள் பெரியம்மா முப்பது வருடம் பால் வெட்டியவர். தோட்டத்தை விட்டு வந்தபோது கையில் இருந்தது சேமநிதிக் காசு. நான்கு மாடுகளும் இருந்தன. அடுக்குமாடியில் மாட்டை எங்கே கட்டுவது? அரைவிலைக்குத் தள்ளிவிட்டார். எந்தக் கணக்கெடுப்பின் எந்தக் கட்டத்திலும் அந்த மாடுகள் இல்லை, ஆனால் மாதச் சம்பளம் போக அந்த வீட்டில் இருந்த ஒரே மூலதனம் அவைதான்.

ஆகவே 2019இல் ஒரே சம்பளம் வாங்கும் இரண்டு இளைஞர்களைக் கண்டால், தாத்தா வீடு யார் பேரில் இருந்தது என்றும் ஒரு கேள்வி கேளுங்கள்.

பங்குரிமை எண்ணைக் குடும்பத்தின்மேல் ஏற்றுவது

1970இல் நிறுவனப் பங்குகளில் மலாய்க்காரர் 2.4 விழுக்காடு, சீனர் 27.2, இந்தியர் 1.1. பெரும்பகுதி வெளிநாட்டவரிடம். மலாய்க்காரரின் பொருளாதாரப் பங்கை உயர்த்த 1971இல் வந்த புதிய பொருளாதாரக் கொள்கை இந்தக் கணக்கிலிருந்துதான் பேசத் தொடங்கியது, அதனால் எல்லாருக்கும் இது மனப்பாடம். கொள்கையை விளக்க இது தேவைதான். ஆனால் 27.2 என்பது யாரோ சில முதலாளிகள் வைத்திருந்த பங்கு. புதுக்கிராமத்தில் காய்கறி போட்டவரின் சட்டைப்பையில் அதில் ஒரு காசும் இல்லை.

வறுமைக் கோடு

2020இல் ஒரு குடும்பத்தின் மாத வறுமைக் கோட்டை 980 ரிங்கிட்டிலிருந்து 2,208க்கு உயர்த்தினார்கள். பழைய கோட்டில் 2016க்கு 0.4 விழுக்காடாக இருந்த வறுமை விகிதம், புதிய கோட்டில் 2019க்கு 5.6 விழுக்காடு ஆனது. பழைய கோட்டில் ஓர் ஆண்டையும் புதிய கோட்டில் ஓர் ஆண்டையும் வைத்து 'வறுமை பெருகியது' என்று எழுதினால் நான் பொறுப்பில்லை.

சிங்கப்பூரைப் பாருங்கள் என்பது

இதைத் திருமண வீட்டில்கூடக் கேட்டிருக்கிறேன். 'அங்கே நம்ம ஆளுங்க சீனர்களையே தாண்டிட்டாங்க, இங்கே மட்டும் ஏன்?' உண்மைதான், 2020 கணக்கெடுப்பில் சிங்கப்பூர் இந்தியக் குடும்பங்களின் இடைநிலை வருமானம் சீனரைவிடக் கூடுதல். ஆனால் அந்த எண்ணில் குடிமக்களோடு நிரந்தரவாசிகளும் அடக்கம். கடந்த இருபது முப்பது ஆண்டுகளில் பட்டத்தோடும் வங்கி வேலையோடும் மென்பொருள் வேலையோடும் வந்தவர்களும் அதே 'இந்தியர்' கட்டத்தில்தான் விழுகிறார்கள். அவர்களை நம் தோட்டத்து வாரிசோடு ஒப்பிடுவது, வண்டியில் வந்தவனையும் நடந்து வந்தவனையும் நிறுத்தி யார் கால் வலு என்று கேட்பது.

பண்பாடுதான் காரணம் என்பது

பத்தாவது கட்டுரையில் எழுதுங்கள். முதல் கட்டுரையில் வேண்டாம்.

கணக்கில் வராதவர்கள்

வருமானக் கணக்கெடுப்பு குடிமக்கள் தலைமை தாங்கும் குடும்பங்களுக்கானது. இங்கேயே பிறந்து, பிறப்புப் பத்திரம் இல்லாமல், நீல அட்டைக்கு, அதாவது குடிமக்களின் அடையாள அட்டைக்கு, அலைந்துகொண்டிருப்பவரின் வீடு அதில் வராது. அப்படிப்பட்டவர்கள் நம் சமூகத்தில் எத்தனை பேர் என்பது, இரண்டு சமூகங்களையும் ஒப்பிடும் எண்ணை எந்தப் பக்கம் சாய்க்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

நான்காவது மாடி வீட்டில் ஏழு பேர் என்று சொன்னேன் அல்லவா? அன்று கிளம்பும்போது பாட்டி என்னை நிறுத்தி, சேலை முந்தானையில் முடிந்து வைத்திருந்த அட்டையை எடுத்துக் காட்டினார். சிவப்பு: நிரந்தரவாசி அட்டை, குடியுரிமை இல்லை. வீடு மகனான அண்ணன் பேரில் இருந்ததால் அந்த 6,100 ரிங்கிட் என் படிவத்துக்கு வந்தது. பாட்டி தனியாக இருந்திருந்தால் அந்தக் கதவை நான் தட்டியிருக்கவே மாட்டேன்.