என்செலடஸில் ஒரு உயிரைப் பிழைக்க வைப்பது எப்படி?

கதைக்காக வேற்றுலக உயிர் ஒன்றைக் கற்பனை செய்ய உட்கார்ந்தால் முதலில் பெரிய கண்ணும் மொட்டைத் தலையும் வரைகிறோம், அதை நிறுத்துங்கள். அது எதைத் தின்னும் என்று யோசியுங்கள், உருவம் பின்னாலேயே வந்துவிடும்.

இடம், சனியின் நிலாவான என்செலடஸ். குறுக்களவு சுமார் 500 கி.மீ., மேலே மைனஸ் 200 டிகிரி குளிர், பனிக்கு அடியில் உப்புக் கடல், தென்துருவ விரிசல்கள் வழியாக அந்தக் கடல் வெளியே பீய்ச்சியடிக்கிறது. காசினி விண்கலம் அந்தப் பீச்சலுக்குள்ளேயே புகுந்து போனபோது அதில் ஹைட்ரஜன் இருந்ததாக 2017-இல் அறிவித்தார்கள்.

அந்த ஹைட்ரஜன்தான் சோறு. நம் ஊர் மாட்டு வயிற்றிலும் சாண எரிவாயுக் கலனிலும் இருக்கும் நுண்ணுயிர்கள் ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்து மீத்தேனாக்கி, அதில் மிஞ்சுகிற கொஞ்சூண்டு சக்தியில் காலத்தை ஓட்டுகின்றன; உங்கள் உயிருக்கும் அதே வரும்படிதான், ஆகவே துரத்தி வேட்டையாடுவதெல்லாம் கட்டுப்படியாகாது. 1977-இல் பசிபிக் கடலின் கலாபகோஸ் தீவுகள் அருகே ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளில் ஆளுயரக் குழாய்ப் புழுக்களைப் பார்த்தார்களே, வாயும் இல்லை குடலும் இல்லை, உடலுக்குள் குடியிருக்கும் பாக்டீரியாதான் சமைத்துப் போடுகிறது, அதை அப்படியே இங்கே கொண்டுவரலாமே என்று தோன்றும். மாட்டிக்கொள்வீர்கள். அந்தப் புழுவுக்கு ஆக்சிஜன் வேண்டும், அந்த ஆக்சிஜன் மேலே வெயிலில் உண்டானது. சிறிய, சோம்பேறியான, கண்ணில்லாத ஒன்றே இங்கே நம்பும்படி இருக்கும்.

அழுத்தத்தைப் பற்றி ரொம்பக் கவலை வேண்டாம். ஈர்ப்பு நம்முடையதில் எண்பதில் ஒரு பங்குகூட இல்லை, 20 கி.மீ. பனிக்கு அடியிலும் நம் கடலில் 200 மீட்டர் ஆழத்து அழுத்தம்தான்.

சரி, பீச்சலோடு விண்வெளிக்குப் போய்விட்டால்? நீர்க்கரடி என்ற மிக நுண்ணிய எட்டுக்கால் பிராணியிடம் பாடம் கேளுங்கள். வறட்சி வந்தால் கால்களை உள்ளிழுத்து, உடம்புத் தண்ணீரை விட்டு, குட்டிப் பீப்பாய் போலச் சுருண்டுகொள்ளும். 2007-இல் அப்படிக் காய்ந்தவற்றை 10 நாள் விண்வெளி வெற்றிடத்தில் வைத்தார்கள், பல பிழைத்தன, ஆனால் புற ஊதாக் கதிர் முழுசாகப் பட்டவற்றில் தப்பியது வெகு சிலதான். அதனால் உங்கள் உயிரை முதலில் உலர்த்துங்கள், அப்புறம் ஒரு பனித்துகளின் நிழலுக்குள் ஒளித்து வையுங்கள். துகள்களில் பெரும்பகுதி பனிப்பொழிவாக என்செலடஸ் மேலேயே திரும்ப விழும், மீதி சனியின் 'இ' வளையத்தில் போய்ச் சேரும். கதையை எங்கே கொண்டுபோகலாம் என்பது உங்கள் பாடு.